போ மணிகள்: பெயர் நிலைத்து உலோகம் மாறிய வரலாறு

லண்டனின் பழைய நகர்ப்பகுதியில், செயின்ட் பால் பேராலயத்திலிருந்து சில நிமிட நடைத்தொலைவில், சீப்சைடு என்னும் கடைவீதியை ஒட்டி நிற்கிறது செயின்ட் மேரி-லெ-போ தேவாலயம். அதன் கோபுரத்தில் தொங்கும் பன்னிரண்டு மணிகளைத்தான் உலகம் ‘போ மணிகள்’ என்று அறிந்திருக்கிறது. இந்த மணிகளின் ஓசை கேட்கும் எல்லைக்குள் பிறந்தவரே அசல் லண்டன்காரர் என்பது நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவரும் பேச்சு. நகரைவிட்டு ஓடிய ஓர் ஏழைச் சிறுவனைத் திரும்பி அழைத்து மேயராக்கியவை இவையே என்பது ஏறத்தாழ அதே வயதுடைய கதை. ஆனால் இன்று கோபுரத்தில் ஏறிப் பார்ப்பவர் காண்பது 1956இல் வார்க்கப்பட்ட மணிகளை மட்டுமே. அவற்றுக்கு முன்பிருந்தவை 1941இல் விழுந்து நொறுங்கின; அவற்றுக்கும் முந்தியவை 1666இல் லண்டனையே விழுங்கிய தீயில் அழிந்தன.

கோயிலில் பட்டத்து யானை இறந்துபோனால் வேறொரு யானைக்குப் பட்டம் கட்டுவார்கள். யானைதான் மாறும், பட்டம் மாறுவதில்லை. போ மணிகளின் வரலாற்றையும் அவ்வாறே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த உலோகம் மேலே தொங்குகிறது என்பதைவிட, அந்த உலோகத்துக்கு இந்தப் பட்டத்தைக் கட்டியவர் யார், எதற்காகக் கட்டினர் என்பதே இங்கே விசாரிக்கத் தக்க கேள்வி. அதற்கான விடை பலிபீடத்தருகே கிடைப்பதில்லை, கடைவீதியில்தான் கிடைக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிழக்கு லண்டனில் போ என்ற பெயருடைய ஒரு வட்டாரமும் அதற்கென ஒரு மேரி தேவாலயமும் தனியே உண்டு. நாம் பேசும் தேவாலயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீப்சைடு தேவாலயத்தை 1080 வாக்கில், நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய சில ஆண்டுகளில், கான்டர்பரி பேராயர் லான்ஃப்ராங்க் எழுப்பினார். நிலவறையைக் கல் வளைவுகளின்மேல் கட்டியதால் அந்த வளைவுகளே, வளைவு எனப் பொருள்படும் ‘போ’ என்ற ஆங்கிலச் சொல்லாக, தேவாலயத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டன. பேராயரின் திருச்சபை நீதிமன்றம் இங்கே கூடியபோது அந்த நீதிமன்றத்துக்கும் ‘வளைவுகளின் நீதிமன்றம்’ என்றே பெயர் அமைந்தது. லண்டன் நகருக்குள் இருந்தபோதிலும் லண்டன் ஆயரின் அதிகாரத்துக்கு வெளியே, நேரடியாகப் பேராயருக்குக் கட்டுப்பட்டு இருந்த தேவாலயங்களுள் இது தலையாயது.

தொடக்கக் காலம் முழுவதும் இந்தக் கட்டடத்தைப் பற்றி ஆவணங்கள் சொல்வன பெரும்பாலும் விபத்துகளும் வன்முறையுமே. 1091 அக்டோபரில் அடித்த சுழற்காற்று கூரையைத் தூக்கி வீசியது. அதன் உத்தரக் கட்டைகள் தெருமண்ணில் நட்டுக்குத்தலாக இறங்கி, நுனி மட்டுமே வெளியே தெரியும்படி புதைந்தன. 1196இல் வரிச்சுமையை எதிர்த்து ஏழைகளைத் திரட்டிய வில்லியம் ஃபிட்ஸ் ஆஸ்பர்ட் இதன் கோபுரத்தில் புகலடைந்தார். அவரை வெளியேற்றத் தேவாலயத்துக்கே தீ வைத்தனர். 1271இல் கோபுரத்தின் பெரும்பகுதி சீப்சைடு வீதியில் சரிந்து விழுந்து, ஆண்களும் பெண்களுமாகப் பலர் மாண்டனர். விழுந்த கோபுரம் முழுமையாக எழுந்து முடிய 1512 வரை ஆயிற்று. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் இத்தேவாலயத்தின் கோபுரம் முடிவுறாமலே நின்றது என்பதையும், அந்த இடைக்காலத்தில்தான் அதன் மணிக்குப் பட்டம் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணியின் புகழுக்குக் கோபுரத்தின் உயரமோ அழகோ காரணமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பட்டம் கட்டப்பட்ட ஆண்டு 1469. ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்குப் போ தேவாலயத்தின் மணியை அடிக்க வேண்டும் என்று லண்டன் நகர மன்றம் அவ்வாண்டில் ஆணையிட்டது. ஆணையிட்டது திருச்சபை அன்று, நகர மன்றம் என்பது இங்கே முக்கியம். அன்றைய சீப்சைடு லண்டனின் தலைமைக் கடைவீதி. துணி வணிகர், பொற்கொல்லர், காலணி செய்வோர், மளிகை வணிகர் எனத் தொழிற்குழுவினர் இங்கும் இதன் கிளைத்தெருக்களிலும் கடை வைத்திருந்தனர். ஒவ்வொரு கடையிலும் ஏழாண்டு ஒப்பந்தத்தில் தொழில் பழகும் இளைஞர்கள் முதலாளியின் வீட்டிலேயே தங்கி வேலை செய்தனர். கைக்கடிகாரமோ வீட்டுக் கடிகாரமோ இல்லாத காலத்தில் வேலை எப்போது முடிகிறது, கடையை எப்போது அடைக்கலாம், தெருவில் நடமாடுவது எப்போது குற்றமாகிறது என்பதையெல்லாம் ஊருக்கு அறிவிக்க ஒரே குரல் தேவைப்பட்டது. அந்தக் குரல் கடைவீதியின் நடுவிலிருந்தே எழ வேண்டும் என்று நகர மன்றம் தீர்மானித்தது இயல்பானதே.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1472இல், ஜான் டன் என்ற துணி வணிகர் தம் உயில்வழி ஹோசியர் சந்திலிருந்த இரண்டு வீடுகளைத் தேவாலயத்துக்கு எழுதி வைத்தார்; அவற்றின் வருமானம் மணியைப் பராமரிக்கவும் ஆணைப்படி அடிக்கவும் செலவிடப்பட வேண்டும் என்பது நிபந்தனை. இந்தச் செய்தியை நமக்குத் தருபவர் ஜான் ஸ்டோ. 1598இல் தெருத்தெருவாக லண்டனை வர்ணித்து நூல் வெளியிட்ட இவர் தையற்காரராகத் தொழில் பழகியவர். ஆகவே சீப்சைடு இளைஞர்களின் மனநிலையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பதிவு செய்யும் ஒரு சிறு நிகழ்ச்சி இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது. மணி சற்றுத் தாமதமாக அடிக்கப்படுகிறது என்பது தொழில் பழகுநர்களின் மனக்குறை. மணி தாமதமானால் கடை அடைப்பதும் தாமதமாகும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. எனவே மணியடிக்கும் கோயில்பிள்ளையைக் கேலிசெய்து ஈரடிப் பாட்டொன்றை எழுதி ஒட்டினர்: மஞ்சள் முடிக்காரரே, தாமதமாக மணியடித்தால் உமது தலையில் அடி விழும் என்பது அதன் பொருள். கோயில்பிள்ளையும் பாட்டாலேயே பதில் எழுதினார்: சீப்சைடுப் பிள்ளைகளே, சும்மா இருங்கள், நீங்கள் விரும்பும் நேரத்திலேயே போ மணி ஒலிக்கும்.

வேலைநேரத் தகராறு ஒன்று மிரட்டலாகத் தொடங்கி உடன்படிக்கையில் முடிந்ததற்கு இது ஒரு பழைய சான்று. மணியின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதையும் இது காட்டிவிடுகிறது. வேறு நூறு தேவாலயங்களின் மணிகள் மக்களைச் செபத்துக்கு அழைத்தன. போ மணியோ சீப்சைடு இளைஞனை வேலையிலிருந்து விடுவித்தது. எந்த மணி நினைவில் நிற்கும் என்பதில் ஐயமில்லை.

கோபுரப் பணிக்கு நிதி தந்தவர்களின் பட்டியலிலும் வணிகர்களே நிறைந்திருக்கின்றனர். அவர்களுள் வில்லியம் கோப்லண்ட் தேவாலய நிர்வாகியாக இருந்த தையல் வணிகர். இரவு ஒன்பது மணிக்கு அடிப்பதற்கென்றே அவர் ஒரு பெரிய மணியை அளித்தார். மணித்தொகுதியில் அது ஐந்தாவது. அந்த மணி முதன்முதலாக ஒலித்தது கோப்லண்டின் சொந்த அடக்கத்துக்காக. கோபுர உச்சியின் கல்விளக்குக் கூடுகளுக்குக் கண்ணாடி பொருத்தி, குளிர்கால இரவுகளில் விளக்கேற்றி, நகரை நோக்கி வரும் வழிப்போக்கர்களுக்கு வழிகாட்டவும் திட்டமிருந்ததாக ஸ்டோ குறிக்கிறார். ஒளியும் ஒலியும் ஊருக்குரிய பொதுச்சேவை என்றே இக்கோபுரத்தைக் கட்டியவர்கள் எண்ணினர்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மணிகளோடு இரண்டு மரபுகள் வந்து சேர்ந்தன. முதலாவது விட்டிங்டன் கதை. வேலை தேடி லண்டனுக்கு வந்த அநாதைச் சிறுவன், முதலாளி வீட்டுச் சமையற்காரியின் கொடுமை தாங்காமல் ஓடுகிறான். நகருக்கு வடக்கே ஹைகேட் குன்றின் அடிவாரத்தில் அவன் இளைப்பாறும்போது, திரும்பி வா விட்டிங்டன், நீ மும்முறை லண்டன் மேயராவாய் என்று போ மணிகள் சொல்வதாக அவன் காதில் விழுகிறது. உண்மையான ரிச்சர்ட் விட்டிங்டன் குளஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஒரு பிரபுவின் இளைய மகன். துணி வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்து மன்னர்களுக்கே கடன் கொடுத்தவர். 1397இல் மேயர் இறந்தபோது மன்னர் அவரை அப்பதவியில் அமர்த்தினார். அதன்பின் மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1423இல் அவர் இறந்தார். மணிகள் அவரை அழைத்த கதையோ 1600க்குப் பிறகுதான், நாடகமாகவும் தெருப்பாட்டாகவும் தலைகாட்டுகிறது. அந்தக் கதைக்கு ஒரு சொற்றொடரை ஒலிக்கும் அளவுக்கு, வெவ்வேறு சுருதியில் பல மணிகள் தேவை. விட்டிங்டன் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின் வந்த கோப்லண்டின் மணியே ஐந்தாவது. 1635 அளவில் ஆறு மணிகள் இருந்தன. கதை தன் காலத்துக் கோபுரத்தை எடுத்துப் பழைய மேயரின் இளமைக்குள் வைத்துக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கம். தொழில் பழகும் சிறுவன் ஒருவன் மேயராக உயர்வதை முன்னறிவிக்க வேறெந்த மணியையும் கதைசொல்லிகள் தேடியிருக்க முடியாது. சீப்சைடு இளைஞர்களின் மணி இதுதான்.

இரண்டாவது, ‘காக்னி’ என்னும் பட்டப்பெயர். இன்று கிழக்கு லண்டன் மக்கள் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் இந்தப் பெயர், தொடக்கத்தில் செல்லம் கொடுத்து வளர்க்கப்பட்ட, நாட்டுப்புறம் அறியாத நகரத்து ஆளைக் குறித்த ஏளனம். போ மணியோசை கேட்கும் எல்லைக்குள் வாழ்வோரைக் காக்னிகள் என்று இகழ்வதுண்டு என 1617இல் ஃபைன்ஸ் மோரிசன் என்ற பயண எழுத்தாளர் குறிப்பிடுகிறார். நகர எல்லையை மதிலாலோ ஆற்றாலோ குறிக்காமல் ஓசையால் குறித்த இந்த வழக்கம், ஒன்பது மணி ஆணையின் நேரடி விளைவு. மணி கேட்கும் இடம்வரை அந்த ஆணையும் எட்டியது.

1666 செப்டம்பர் 2 அன்று புட்டிங் சந்தில் பற்றிய தீ சீப்சைடையும் தின்றது. கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் ஐம்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களைப் புதிதாக வடிவமைத்தார். அவற்றுள் போ தேவாலயத்துக்குத் தனி முன்னுரிமை கிடைத்தது. பழைய கோபுரம் நின்ற இடத்தை விட்டு, புதிய கோபுரத்தைச் சீப்சைடு வீதியின் ஓரத்துக்கே அவர் முன்னகர்த்தினார். அடித்தளத்துக்குத் தோண்டியபோது பல அடி ஆழத்தில் ரோமானியர் காலச் சாலையின் கெட்டியான தளம் தென்பட்டது; அதன்மேலேயே கோபுரத்தை நிறுத்தினார். 1680இல் முடிந்த அந்தக் கோபுரம் சுமார் 68 மீட்டர் உயரமுடையது. உச்சியில் இரண்டரை மீட்டருக்கும் நீளமான செம்புப் பறவைநாகம் காற்றின் திசை காட்டுகிறது. தேவாலயக் கட்டடத்துக்கு ஆன செலவை ஏறத்தாழ எட்டிப்பிடிக்கும் அளவுக்கு, 7,000 பவுண்டுக்கு மேல், கோபுரத்துக்கு மட்டும் செலவிட்டனர். வழிபடும் இடத்துக்கு இணையாக மணி தொங்கும் இடத்திலும் ஊருக்கு இருந்த அக்கறையை இந்தக் கணக்கு மறைக்காமல் சொல்கிறது.

புதிய கோபுரத்துக்கு எட்டு மணிகளை வார்த்தவர் கிறிஸ்டோபர் ஹாட்சன். ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் இன்றும் ஒலிக்கும் ‘கிரேட் டாம்’ என்னும் பெருமணியை 1680இல் வார்த்தவரும் இவரே. ஒன்பது மணி ஒலிக்கு ஒரே மணி போதுமானது. எட்டு மணிகள் எதற்கு என்ற கேள்வி எழுவது நியாயம். அதற்கு விடை வேறொரு திசையிலிருந்து வருகிறது. ஊரார் தீயிலிருந்து மீண்டுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் மணியடித்தல் ஒரு கணிதக் கலையாக உருமாறிக்கொண்டிருந்தது. இது வேறு நாடுகளில் அதிகம் பரவாத ஒன்றாதலால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவின் பிற பகுதிகளில் மணி ஊசலாடும், அல்லது அசையாமல் தொங்கும் மணியைச் சுத்தியலால் தட்டுவார்கள். ஆங்கிலேய மணிக்கோபுரங்களில் ஒவ்வொரு மணியும் ஒரு முழு மரச்சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும்; சக்கரத்தின் விளிம்பில் சுற்றிய கயிறு தளத்தின் துளைவழியே கீழே அடிப்பவர் கைக்கு இறங்கும். அடிப்பதற்கு முன் மணியை மெல்ல மெல்ல ஆட்டி, வாய் மேல்நோக்கி நிற்கும்வரை ஏற்றி நிறுத்துவார்கள். கயிற்றை ஓரிழுப்பு இழுத்தால் இரண்டு டன் எடையுள்ள மணி தலைகீழ்நிலையிலிருந்து சரிந்து, ஒரு முழு வட்டம் சுற்றி, மறுபுறம் மீண்டும் வாய் மேல்நோக்கி வந்து நிற்கும். அந்தச் சுற்றில் நாக்கு ஒரே ஒருமுறை அடிக்கும். அடுத்த இழுப்பு அதை எதிர்த்திசையில் திருப்பிவிடும். கயிற்றில் கை பற்றும் இடத்தில், வழுக்காமலும் கைக்கு உறுத்தாமலும் இருக்க, வண்ணக் கம்பளி நூலைத் திணித்துத் தடித்த பிடி ஒன்றைச் செய்திருப்பார்கள். முதல் இழுப்பில் அந்தப் பிடி அடிப்பவரின் தலைக்கு மேலே பாய்ந்து ஏறும்; அப்போது அதை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் புதியவரும் கயிற்றோடு மேலே ஏறுவார். பழகுவோருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது எப்போது விட வேண்டும் என்பதைத்தான்.

இந்தப் பொறியமைப்பின் விளைவு விந்தையானது. சுற்றிவரும் கனமான மணியை அடிப்பவர் நினைத்த நேரத்தில் ஒலிக்கச் செய்ய முடியாது. உச்சியில் நிற்கும் கணத்தைச் சற்று நீட்டவோ குறுக்கவோதான் முடியும். ஆகவே பாட்டு வாசிப்பதற்கு வழியில்லை. வரிசையில் தனக்கு முன்னோ பின்னோ உள்ள மணியோடு இடம் மாற்றிக்கொள்ள மட்டும் வழி உண்டு. சிறிய மணியிலிருந்து பெரிய மணிவரை இறங்குவரிசையில் ஒருமுறை அடித்துவிட்டு, அடுத்த சுற்றில் சில மணிகள் பக்கத்து மணியோடு இடம் மாறி, அதற்கடுத்த சுற்றில் வேறு சில மாறி, ஒரே வரிசை இருமுறை வராமல் தொடர வேண்டும் என்பது இந்தக் கலையின் விதி. நான்கு மணிகளுக்கு 24 வரிசைகள், ஆறுக்கு 720, ஏழுக்கு 5,040, எட்டுக்கு 40,320. காகிதத்தைப் பார்த்து அடிப்பது முறையன்று. ஒவ்வொருவரும் மாற்றத்தின் அமைப்பை மனத்தில் வைத்தே அடிக்க வேண்டும். இத்துறையின் முதல் அச்சு நூல் பெருந்தீக்கு இரண்டாண்டுகள் கழித்து 1668இல் வெளிவந்தது. அதைப் பதிப்பித்த ஃபேபியன் ஸ்டெட்மன் 1677இல் தாமே எழுதிய நூலையும் வெளியிட்டார். கணித வல்லுநர்கள் வரிசைமாற்றங்களைத் தனித்துறையாக வகுப்பதற்கு முன்பே, அச்சுத்தொழிலாளியாக இருந்த ஸ்டெட்மனும் தோழர்களும் கோபுரங்களில் அதைக் கயிறிழுத்துச் செய்துகொண்டிருந்தனர்.

ஏழு மணிகளின் 5,040 வரிசைகளையும் பிழையின்றி அடித்து முடித்த முதல் பதிவு 1715 மே 2 அன்று நார்விச் நகரின் செயின்ட் பீட்டர் மான்கிராஃப்ட் தேவாலயத்துக்கு உரியது. இதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு மணிகளின் 40,320 வரிசைகளை, ஆள் மாற்றாமல், இடைநிறுத்தாமல் 1963இல் மத்திய இங்கிலாந்தின் லஃபரோ நகரில் அடித்து முடித்தனர். 17 மணி 58 நிமிடங்கள் ஆயின. போ தேவாலயத்தில் இன்றிருக்கும் பன்னிரண்டு மணிகளின் எல்லா வரிசைகளும் 47,90,01,600. ஒரு வரிசைக்கு வெறும் இரண்டு விநாடி என்று கொண்டாலும் முப்பது ஆண்டுகள் இரவுபகலாக அடிக்க வேண்டும்.

ஆக, ரென் கட்டிய கோபுரத்தில் இரண்டு நோக்கங்கள் ஒன்றாகத் தொங்கின: ஊருக்கு நேரம் சொல்லும் பழைய கடமையும், மணியடிக்கும் சங்கத்தார் விரும்பிய புதிய கலையும். இரண்டாவது நோக்கமே அடுத்த இரு நூற்றாண்டுகளில் மணிகளின் எண்ணிக்கையைக் கூட்டியது. 1738இல் பெரிய மணியைக் கிழக்கு லண்டனின் வைட்சாப்பல் வார்ப்படச்சாலையில் மறுபடி வார்த்தனர். ஏறக்குறைய 2,700 கிலோ எடையுடன் அது நகரின் கனத்த குரலாயிற்று. 1762இல் மணிகள் பத்தாயின. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாளான ஜூன் 4 அன்று அவை முதன்முதலாக ஒலித்தன. 1881இல் உச்சச் சுருதியில் மேலும் இரண்டு சேர்ந்து பன்னிரண்டாயின. இந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கடிகாரம் வந்து, ஒன்பது மணி ஆணை பொருளிழந்தது. ஆனால் பட்டம் இறங்கவில்லை. பழைய கடமை போனபின்பும் புகழ் மட்டும் வளர்ந்த இந்த நிலை நினைவின் இயல்பைத்தான் காட்டுகிறது.

மணி வார்க்கும் வேலையைப் பற்றியும் இங்கே ஒரு சொல். மணிவெண்கலம் என்பது சுமார் நூற்றுக்கு 77 பங்கு செம்பும் 23 பங்கு வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயம் மிகுந்ததால் ஓசை நீளும்; ஆனால் உலோகம் நொறுங்கக்கூடியதாகிவிடும், உயரத்திலிருந்து விழுந்தால் நெளியாது, உடையும். வைட்சாப்பலில் அச்சு செய்யும் குழைமண்ணில் களிமண், மணல், ஆட்டுரோமம், குதிரைச் சாணம் ஆகியவற்றைக் கலந்தனர்; உலோகம் ஊற்றும்போது ரோமமும் சாணமும் எரிந்து, வாயு வெளியேற நுண்துளைகளை விட்டுச்செல்லும். வார்த்த மணியைக் கடைசல் இயந்திரத்தில் வாய் மேல்நோக்க நிறுத்தி, உட்புறத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சீவிச் சுருதி கூட்டுவார்கள். ஒரு மணியின் ஓசைக்குள் பல சுருதிகள் ஒருங்கே ஒலிக்கின்றன. அவற்றுள் ஐந்தைத் தனித்தனியே ஒழுங்குபடுத்த முடியும் என்று 1890களில் கேனன் ஆர்தர் சிம்ப்சன் என்ற குருவானவர் எடுத்துக்காட்டிய பின்னரே இந்தச் சீவும் வேலை அறிவியலாயிற்று. ஹாட்சன் காலத்து மணிகளையும் இன்றைய மணிகளையும் அடுத்தடுத்துக் கேட்க முடிந்தால், ஒரே பெயருடைய இரண்டு வேறு இசைக்கருவிகள் என்றே நம் காது சொல்லும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணிகளும் சட்டகமும் பழுதுற்று, அடிக்க முடியாத நிலை வந்தது. புதுப்பிக்கப் பணம் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில் 1909இல் பெரும் பல்பொருள் அங்காடி திறந்த அமெரிக்கர் ஹாரி கோர்டன் செல்ஃப்ரிட்ஜ். துணி வணிகர் ஜான் டன் தொடங்கி வைத்த வரிசையில் கடைசிக் கடைக்காரர் இவர் என்று சொல்லத் தோன்றுகிறது. கிராய்டனைச் சேர்ந்த கில்லட் அண்ட் ஜான்ஸ்டன் நிறுவனத்தார் வேலையை முடிக்க, 1933இல் மணிகள் மீண்டும் ஒலித்தன.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1926இல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட போ மணிகளின் ஓசையைப் பிபிசி தன் ஆங்கில வெளிநாட்டு ஒலிபரப்பில் நிகழ்ச்சிகளுக்கு இடையே அடையாள ஒலியாகப் பயன்படுத்தியது. சிற்றலை வானொலியின் இரைச்சலுக்குள் லண்டனைத் தேடிய உலகம் முழுவதும் உள்ள நேயர்கள் முதலில் கேட்டது இந்த மணிகளைத்தான். கடைவீதிக்கும் அதைச் சுற்றிய சில மைல் தொலைவுக்கும் சொந்தமாயிருந்த ஓசை கடல் கடந்தது.

போர்க்காலத்தில் இது விசித்திரமான நிலையை உண்டாக்கியது. 1940 ஜூனில், ஜெர்மானியப் படை இறங்கினால் எச்சரிக்கை தருவதற்கென்றே தேவாலய மணிகளை ஒதுக்கி, வேறு எதற்கும் அவற்றை அடிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது. 1942 நவம்பரில் எகிப்தின் எல் அலமெய்ன் போரில் கிடைத்த வெற்றிக்காக ஒருநாள் தளர்த்தப்பட்ட அந்தத் தடை 1943இல்தான் நீங்கியது. கோபுரத்தில் மணிகள் வாய்மூடித் தொங்க, அவற்றின் பதிவு மட்டும் காற்றலையில் ஒலித்தது. 1941 மே 10 இரவு, லண்டன் மீதான தொடர் குண்டுவீச்சின் கடைசிப் பெருந்தாக்குதலில், செயின்ட் மேரி-லெ-போ தீப்பற்றியது. சட்டகம் எரிந்து மணிகள் கோபுரத்துக்குள்ளேயே விழுந்து உடைந்தன. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மே 3 அன்று தொடங்கியிருந்தது. அதன்பின் பல ஆண்டுகள் அலைவரிசையில் கேட்ட போ மணிகள், உலகில் இல்லாத மணிகளின் ஓசை. பட்டம் உலோகத்தைச் சார்ந்ததில்லை என்பதை இந்த இருபது ஆண்டுகளைப் போல வேறெந்தக் காலமும் மெய்ப்பிக்கவில்லை: மணியே இல்லாமல் போ மணிகள் இருந்தன.

ரென் கட்டிய கோபுரமும் வெளிச்சுவர்களும் தப்பியிருந்தன. லாரன்ஸ் கிங் என்ற கட்டடக்கலைஞரின் பொறுப்பில் 1956இல் மறுசீரமைப்பு தொடங்கியது. அவ்வாண்டிலேயே பன்னிரண்டு மணிகளும் வைட்சாப்பலில் வார்க்கப்பட்டன. 1961இல் கோபுரத்தில் ஒலிக்கத் தொடங்கின. தேவாலயம் 1964இல் மறுபடி அர்ப்பணிக்கப்பட்டது. மிகச் சிறிய மணியான ‘கேத்தரின்’ சுமார் 300 கிலோ. மிகப் பெரியதான ‘போ’ சுமார் 2,130 கிலோ. 1738இன் பெருமணியைவிட இது அரை டன்னுக்கும் மேல் இலகுவானது. இடையிலுள்ள பத்து மணிகளுக்கும் மார்கரெட், மில்ட்ரெட், அகஸ்டின், பாங்கிராஸ் என்றெல்லாம் பெயருண்டு. பன்னிரண்டு மணிகளிலும் பொறித்த வாசகங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘டி. விட்டிங்டன்’ என்ற பெயர் ஆங்கிலத்தில் கிடைக்கும்; ‘டி’ என்பது ரிச்சர்டின் செல்லப்பெயரான ‘டிக்’கின் முதலெழுத்து. கதையில் சிறுவனுக்கு மணிகள் பெயர் கொடுத்தன. 1956இல் அந்தக் கதை மணிகளுக்குப் பெயர் பொறித்தது. வரலாற்றாய்வாளருக்கு இது சற்று எரிச்சலூட்டலாம். ஆனால் வார்த்தவர்கள் தாங்கள் எதை மீட்டெடுக்கிறோம் என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்றே நான் கொள்வேன்.

ஓசையின் எல்லையோ சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மேற்கிலிருந்து வீசும் காற்றின் துணையோடு, ஹாக்னி சதுப்புநிலம், ஸ்ட்ராட்ஃபோர்டு எனக் கிழக்கே பல மைல் தொலைவுக்கு அது எட்டியிருக்க வேண்டும் என்றும், இன்று வண்டிகளின் இரைச்சலாலும் உயர்ந்த கட்டடங்களாலும் நகர்ப்பகுதியையும் ஷோர்டிச் வட்டாரத்தையும் தாண்டுவதே அரிது என்றும் 2012இல் வெளியான ஓர் ஒலியியல் ஆய்வு கணித்தது. அந்தச் சிறு எல்லைக்குள் மகப்பேறு மருத்துவமனை இல்லை. எனவே விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் புதிய காக்னிகள் பிறப்பதே அபூர்வமாகிவிடும்; கிழக்கு லண்டன் மக்கள் யாரும் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

போ மணிகளை மீண்டும் மீண்டும் வார்த்த வைட்சாப்பல் வார்ப்படச்சாலை 1570 முதல் தன் தொழில் மரபைக் கணக்கிட்டது. பிலடெல்ஃபியாவின் விடுதலை மணியும், வெஸ்ட்மின்ஸ்டரின் பிக் பென்னும் அங்கே பிறந்தவை. தேவாலயங்கள் புதிதாகக் கட்டப்படுவது குறைந்து, பெரிய மணிகளுக்கான தேவையும் அருகியதால், 2017இல் அது வைட்சாப்பல் வீதியிலிருந்த தன் கட்டடத்தை மூடியது. பெருமணி வார்க்கும் பெரிய வார்ப்படச்சாலையாக பிரிட்டனில் இப்போது எஞ்சியிருப்பது லஃபரோவின் ஜான் டெய்லர் நிறுவனமே. மணிகள் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். தேய்வது நாக்கும் தாங்குருளைகளும் கயிறும்தான். எனினும் சீப்சைடு கோபுரத்தில் என்றேனும் ஒரு மணியில் கீறல் விழுந்தால், அதை இறக்கி மறுபடி வார்க்க இனி மூன்று கிலோமீட்டருக்குள் இருந்த வைட்சாப்பலுக்குக் கொண்டுபோக முடியாது. வடக்கே நூற்றறுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும்.